டிக்கெட் போடும் அன்றைக்கே கேளுங்கள்: மதுரைப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்று மாவட்டங்களிலும் வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்யும் டிராவல்ஸ் நிறுவனத்தார், வேலைவாய்ப்பு முகவர்கள், ஹஜ் - உம்ரா குழு நடத்துவோர், கயிலாய யாத்திரை அழைத்துச் செல்வோர் அனைவருக்கும் வணக்கம்.

பயண உடல்நலம் பற்றி மருத்துவத் துறையினர் எழுதுவதெல்லாம் பயணிக்குத்தான். மதுரையில் பயணிகளுக்குத் தடுப்பூசியும் ஆலோசனையும் தரும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களாகிய நாங்கள் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம். மேலூரிலிருந்து குவைத் வேலைக்குப் போகிறவர், கே.கே. நகரிலிருந்து மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மா, நெல்பேட்டையிலிருந்து உம்ராவுக்குப் போகும் குடும்பம் என்று எல்லாரும் முதலில் வந்து உட்காருவது உங்கள் எதிரில்தான். டிக்கெட் போட்ட நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே பெரும்பாலும் நாலு வாரமோ ஆறு வாரமோ கிடைக்கிறது. தடுப்பூசி வேலை செய்யவும், மருந்துக்கு முன் அனுமதி வாங்கவும், காப்பீட்டைச் சரியாக எடுக்கவும் அந்த அவகாசம் போதும். எங்களிடம் அவர்கள் வருவது கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது. அப்போது எங்களால் பேதிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை எழுதித் தரத்தான் முடிகிறது.

ஆகவே, பாஸ்போர்ட் நகல் எடுக்கும் நேரத்திலேயே நாலு கேள்வி கேட்டுவிடுங்கள். எந்த நாடு, நடுவில் எந்த ஊரில் விமானம் மாறுகிறது? தினமும் சாப்பிடும் மாத்திரை, போட்டுக்கொள்ளும் ஊசி என்னென்ன? கடந்த மூன்று மாதத்தில் ஆபரேஷன், எலும்பு முறிவு, மருத்துவமனையில் சேர்ந்தது உண்டா? பெண்கள் என்றால், கர்ப்பமாக இருக்கிறாரா, எத்தனையாவது வாரம்? பதிலை எழுதிய தாளை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் கையிலேயே கொடுத்து, அந்த வாரத்திலேயே அவருடைய டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

நாடு தெரிந்தால் தடுப்பூசி தெரியும். நைஜீரியா, கானா, காங்கோ, உகாண்டா, கென்யா, எத்தியோப்பியா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். ஒரே ஊசி, அரை மில்லி. ஆனால் அதற்கான சர்வதேசச் சான்று செல்லுபடியாவது ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான். எட்டு நாளில் விமானம் என்றால் அட்டை கையில் இருந்தும் பயனில்லை. 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும் என்று விதி மாறிவிட்டது. பழைய அட்டையில் பத்தாண்டு என்று அச்சாகியிருந்தாலும் மறுபடி போட வேண்டாம். இதை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட முடியாது, அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவற்றில் ஒன்று. நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகம். மருந்து உலர்பொடியாக வருகிறது. ஒரு குப்பியில் பல பேருக்கான அளவு இருக்கும், கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால்தான் மையங்கள் குறிப்பிட்ட கிழமைகளில் ஆட்களைச் சேர்த்துப் போடுகின்றன. கிழமையை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு அனுப்புங்கள். முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடுகிறவர்கள் ஆகியோர் விஷயத்தில் போடலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சான்று திரும்பி வரும்போதும் தேவைப்படும். இந்தியாவில் இந்த நோய் கிடையாது, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால் நோயுள்ள நாட்டிலிருந்து சான்று இல்லாமல் வந்து இறங்குகிறவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. விமானம் மாறுவதற்காக அந்த நாட்டில் இறங்கியதும் கணக்கில் வரலாம். முதல் கேள்வியில் மாறும் ஊரையும் சேர்த்ததற்கு இதுதான் காரணம்.

அந்த நாடுகளில் பெரும்பாலானவற்றில் மலேரியாவும் உண்டு, அதுவும் உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை. அதற்கு ஊருக்குக் கிளம்பும் முன்பே தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் கிளம்ப ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, தினம் 100 மில்லிகிராம், திரும்பிய பிறகும் நாலு வாரம். அட்டோவாகுவோன் - புரோகுவானில் என்றால் திரும்பிய பிறகு ஏழு நாள். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, ஆனால் இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், வலிப்பு நோயோ மனநலச் சிக்கலோ இருந்தவர்களுக்கு ஆகாது. எதைக் கொடுப்பது என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். தப்பு நடப்பது கடைசிப் பகுதியில்தான். வீட்டுக்கு வந்தாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி ரத்தத்துக்கு இறங்குவது அதற்குப் பிறகும் நடக்கும் என்பதால்தான் அந்த நாலு வாரம்.

உம்ரா, ஹஜ் குழுக்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி: ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நாலு வகைக் கிருமிக்குமான ஊசி. சவூதியில் போய் இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். ஊசி மருந்தில் இரண்டு வகை உண்டு. பாலிசாக்கரைடு வகையின் சான்று மூன்று ஆண்டுக்கும், கான்ஜுகேட் வகையின் சான்று ஐந்து ஆண்டுக்கும் செல்லும். எந்த வகை என்று சான்றில் எழுதியிருக்கிறதா என்று உங்கள் அலுவலகத்திலேயே பார்த்துவிடுங்கள். எழுதாவிட்டால் மூன்று ஆண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். கூடவே ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது. கூட்டத்தில் இருமல் பரவுவதைத் தடுக்க வேறு வழி குறைவு. தலைமுடி மழிக்கும்போது உரிமம் பெற்ற கடையில், கண்ணெதிரே பிரிக்கும் புது பிளேடில் மட்டும் மழிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஒரே பிளேடு ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறுவதில் பரவும். பச்சை ஒட்டகப் பால், ஒட்டகப் பண்ணைச் சுற்றுலா இரண்டும் வேண்டாம். மெர்ஸ் என்ற சுவாச நோய் ஒட்டகத்திடமிருந்து வருகிறது.

ஹஜ்ஜைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி வரை போனது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் பதிவு அனுமதி இல்லாமல் வந்தவர்கள். அனுமதி இல்லாதவருக்குக் குளிர்சாதனக் கூடாரம் கிடையாது, பேருந்து கிடையாது, வெயிலில் மைல் கணக்கில் நடக்க வேண்டும். சுற்றுலா விசாவில் ஹஜ் என்று ஒரு பேக்கேஜை யாராவது உங்களிடம் கொண்டு வந்தால், அதை விற்காதீர்கள். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இனி மாத்திரைகள். அதிகம் சிக்கல் வருவது இதில்தான், உங்களால் அதிகம் உதவ முடிவதும் இதில்தான்.

நம் ஊர் மெடிக்கல் கடையில் பதினைந்து மாத்திரை அட்டையில் எட்டு கேட்டால் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் ஓர் ஓரத்தில் இருக்கும். வெட்டிய துண்டில் பாதிப் பெயர்தான் மிஞ்சும். அதைக் காகிதக் கவரில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று பேனாவால் எழுதி, பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ சுங்க அதிகாரிக்கு அது பெயர் தெரியாத மாத்திரை, அவ்வளவுதான். முழு அட்டையாக, பில்லோடு வாங்கச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், தட்டச்சு செய்ததாக இருக்கட்டும். கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்பதும் அதில் வேண்டும். இங்குள்ள கம்பெனிப் பெயர் கோலாலம்பூர் மருந்துக் கடையில் யாருக்கும் தெரியாது. மெட்ஃபார்மின், ஆம்லோடிபின் என்றால் உலகம் முழுக்கத் தெரியும்.

பெயரையும் பாருங்கள். சீட்டில் எம். கண்ணன் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து கண்ணன் முத்தையா என்றோ முத்தையா கண்ணன் என்றோ இருக்கும். அந்தச் சீட்டு இவருடையதுதான் என்று அங்கே எப்படி நிரூபிப்பது? பாஸ்போர்ட் நகலை டாக்டரிடம் காட்டி, அதிலுள்ள எழுத்துப்படியே பெயரை எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்து, எந்த மருந்து என்பது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சலுக்கு எழுதும் பிரீகபலின், மூட்டு வலிக்கு எழுதும் டிராமடால், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதும் அல்பிரசோலம், குளோனசெபம், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை மதுரையில் சாதாரணமாக எழுதப்படுகின்றன. அமீரகத்திலும் சவூதியிலும் இவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. அமீரகத்துக்கு இணையம் வழியே முன் அனுமதி வாங்கலாம். மருந்துச் சீட்டு, மருத்துவ அறிக்கை, பாஸ்போர்ட் நகல் பதிவேற்ற வேண்டும். சிங்கப்பூரிலும் இவற்றில் பலவற்றுக்கு முன் அனுமதி தேவை. பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது தெரிந்தால் அனுமதி வாங்கலாம், அல்லது டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். முந்தின நாள் தெரிந்தால் ஒன்றுமே செய்ய முடியாது. குளோனசெபம் போன்றவற்றைப் பயத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், அதையும் செய்யக் கூடாது.

மருந்துப் பட்டியலில் இல்லாத ஒன்று சமையலறையிலிருந்து வருகிறது. அமீரகம், சவூதி, கத்தார், சிங்கப்பூர் நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள்; அபினிச் செடியின் விதை அது. குருமாப் பொடி, கறி மசாலா, குழந்தைக்குப் பிறந்த வீட்டில் இடித்துக் கொடுக்கும் பொடி என்று எதில் கசகசா சேர்ந்திருந்தாலும் பெட்டியில் வைக்க வேண்டாம். மசாலாவை வறுத்து அரைக்கும் அம்மாவிடமே இதைச் சொல்லிவிடுங்கள். பெயர் ஒட்டாத சூரணம், லேகியம், வெள்ளைப் பொடி எதுவும் கூடாது. ஊர்க்காரர் கொடுத்தார், அங்கே அண்ணனிடம் சேர்க்க வேண்டும் என்று பிரிக்காத பார்சலை வாங்கிக்கொள்ளவே கூடாது. சிங்கப்பூரிலும் சவூதியிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. பையை மூடிப் பூட்டியவர்தான் அதற்குப் பொறுப்பு.

இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்கு அறையில் போகும் பெட்டியில் குளிர் உறைநிலைக்கு இறங்கக்கூடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, பார்வைக்கு நன்றாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து. பயன்படுத்தத் தொடங்கிய குப்பியோ பேனாவோ, பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு, சீட்டு இருந்தால். நேர வித்தியாசம் பற்றி எல்லாரும் கவலைப்பட வேண்டாம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். வழக்கமான நேரத்தைச் சற்றே நகர்த்தினால் போதும். அமெரிக்கா போகிறவர்களுக்குத்தான் ஒன்பதரை முதல் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். அவர்களுக்கு விமான நேரத்தை வைத்து டாக்டர் தனியாக அட்டவணை எழுதித் தர வேண்டும், ஆகவே டிக்கெட் நகலும் டாக்டரிடம் போகட்டும். ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோருக்கு இன்னொன்று: அமெரிக்கா சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக 90 நாள் அளவைத்தான் அனுமதிக்கிறது. மீதி மூன்று மாதத்துக்கு அங்கே ஒரு டாக்டரைப் பார்க்கும் ஏற்பாட்டைப் பிள்ளைகளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி ஆபரேஷன் பற்றியது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருக்காது. ஏறத்தாழ கொடைக்கானலில் இருக்கும் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே உடம்புக்குள் அடைபட்ட காற்று எதுவும் விரியும். மதுரை கண் சிகிச்சைக்குப் பேர்போன ஊர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். விழித்திரை விலகலுக்கு ஆபரேஷன் செய்யும்போது சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். குமிழி முழுக்கக் கரையும் முன் விமானம் ஏறினால் அது விரிந்து, கண்ணழுத்தம் எகிறி, பார்வையே போய்விடலாம். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரத்திலிருந்து ஆறு, எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். கொடைக்கானலுக்குக் காரில் ஏறுவதும் கூடாது. வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்திருந்தால் இந்தத் தடை இல்லை. கொழும்பிலிருந்து கண் சிகிச்சைக்கு வந்து திரும்புகிறவர்களுக்கு நீங்கள் டிக்கெட் போடும்போது, குமிழி கரைந்துவிட்டது, பறக்கலாம் என்று கண் டாக்டர் எழுதிய கடிதத்தைக் கேளுங்கள். சாதாரணக் கண்புரை ஆபரேஷனுக்கு இந்த ஆபத்து இல்லை. சொட்டு மருந்து போதிய அளவு கையில் இருந்தால் சரி.

வயிற்றில் பெரிய ஆபரேஷன் என்றால் பத்து நாள், துளை வழி ஆபரேஷன் என்றால் ஐந்து நாள் பொறுப்பது பொதுக் கணக்கு. மாவுக்கட்டு போட்டு இரண்டு நாள் ஆகாதவர் பறப்பதானால் கட்டை நீளவாக்கில் பிளந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். கர்ப்பிணிகளுக்கு 28 வாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் டாக்டர் சான்று கேட்கும், 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். திரும்பும் தேதியில் எத்தனை வாரம் என்பதையும் எண்ணுங்கள்.

நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பறந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் கணக்குப்படி ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. எல்லாரையும் பயமுறுத்த வேண்டாம். நரம்புச் சுருள், புற்றுநோய், சமீபத்திய ஆபரேஷன், முன்பு உறைவு வந்தவர்கள் ஆகியோருக்கு நடைபாதை ஓர இருக்கை போட்டுக் கொடுங்கள், முழங்காலுக்குக் கீழ் போடும் அழுத்தக் காலுறை பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறினால் போதும் என்பது தவறான பழக்கம்.

யாத்திரைக் குழு நடத்துகிறவர்களிடம் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. முக்திநாத், திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார் பாடிய தலம், வாழ்நாளில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எழுபது வயதில் கிளம்புகிறார்கள். போக்ரா சுமார் 820 மீட்டர் உயரம். காலையில் சிறு விமானத்தில் ஜோம்சோம், 2,700 மீட்டருக்கு மேல். அங்கிருந்து ஜீப்பில் மதியத்துக்குள் முக்திநாத், 3,700 மீட்டருக்கு மேல். ஒரே பகலில் மூவாயிரம் மீட்டர் ஏற்றம். இறங்கியவுடன் 108 தாரைகளின் பனிநீரில் தலையைக் கொடுக்கிறார்கள். இதய நோய் உள்ளவருக்கு அந்தக் குளிர்நீர் ஒன்றே போதும் ஆபத்துக்கு. கயிலாயம் இன்னும் கடுமை: காத்மாண்டு 1,400 மீட்டர், மானசரோவர் 4,590, மலையைச் சுற்றி வரும் பரிக்ரமாவில் தாண்டும் டோல்மா லா கணவாய் 5,600-க்கு மேல்.

உயர நோய் வயதைப் பார்த்து வருவதில்லை, நல்ல உடற்கட்டு உள்ளவருக்கும் வரும். வேகமாக ஏறுவதுதான் காரணம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஓர் இரவு தூங்கும் உயரத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் உயரத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். முக்திநாத் திட்டத்தில் ஜோம்சோமில் ஓர் இரவு தங்கவைத்து, மறுநாள் தரிசனம் முடித்து, இரவுக்குள் கீழே இறக்கிவிடுங்கள். கயிலாயத் திட்டத்தில் இந்தக் கணக்குக்கு முழுதாக ஒத்துவருவது கஷ்டம். ஆனாலும் நாலாயிரத்துக்கு மேல் ஒரு கூடுதல் ஓய்வு நாளைக் குறைத்து விலையைக் குறைத்துக் காட்டும் போட்டி வேண்டாம். அந்த ஒரு நாளில்தான் உடம்பு பழகுகிறது.

அசிட்டசோலமைடு மாத்திரை பழகுவதை வேகப்படுத்தும். ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து 125 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. விரல் நுனி ஊறும், சிறுநீர் அதிகம் போகும், அது எதிர்பார்த்ததுதான். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரக நோய், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கூடாது. ஆகவே குழுவுக்கு மொத்தமாக வாங்கிப் பேருந்தில் வைத்துப் பகிர்ந்து கொடுக்காதீர்கள்.

குழுத் தலைவர் இரண்டு அறிகுறிகளை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். தரையில் ஒரு நேர்கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் ஒட்டவைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது பேச்சு குழறினால், மூளையில் நீர் கோக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை கீழே இறக்குவது, அந்த இரவே, குறைந்தது ஆயிரம் மீட்டர். விடியட்டும், பரிக்ரமா முடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போகும். ஆக்சிஜன் சிலிண்டர் இறக்குவதற்கு நேரம் வாங்கித் தரும், இறக்குவதற்கு மாற்று ஆகாது. வெறும் தலைவலியும் குமட்டலும் என்றால் அங்கேயே நின்று ஓய்வெடுக்கலாம். குறையும் வரை ஏறக் கூடாது. உறக்க மாத்திரை போடக் கூடாது, அது மூச்சைக் குறைக்கும்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு: மெடிக்கல் ஃபிட் ஆகிவிட்டது என்பதோடு விஷயம் முடிவதில்லை. அந்தப் பரிசோதனை அங்குள்ள அரசுக்கும் முதலாளிக்கும் தேவையானதைப் பார்க்கிறது: காசநோய், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி. பிரஷருக்கு மாத்திரை எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று அது கேட்பதில்லை. பிரஷர், சர்க்கரை இருப்பதை மறைக்கச் சொல்லி அனுப்பினால், அவர் அங்கே மாத்திரை கேட்கவே பயப்படுவார், ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவார். பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியும் என்றால், சிகிச்சை முடித்த சான்றையும் பழைய எக்ஸ்ரேயையும் முதலிலேயே கொடுத்தனுப்புங்கள். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் வந்தவரிடம் ஊசி போட்டுச் சரி செய்துவிடலாம் என்று பணம் வாங்குகிறவர்கள் ஏமாற்றுகிறார்கள். தொற்று வந்தபின் தடுப்பூசி பயன்படாது. அவரை ஈரல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

நம் பக்கத்து ஆட்கள் வெயில் தெரிந்தவர்கள், சமாளிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். வளைகுடாக் கடற்கரையில் ஆகஸ்ட் மாதம் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வழியும், ஆனால் உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் செய்ய வேண்டும், ஒவ்வொரு நாளும் அதே அளவு கூட்டி ஐந்தாம் நாளில் முழு வேலைக்கு வரலாம் என்பது தொழில் மருத்துவக் கணக்கு. விடுமுறைக்கு ஊர் வந்து ஒரு மாதம் இருந்து திரும்பியவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அவர் பாதி வேலையில் தொடங்க வேண்டும். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. சவூதியில் அதே நாட்களில் 12 முதல் 3 வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை. இது அவர்களுடைய சட்டம், தொழிலாளிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பையில் ஒரு லிட்டர் நீரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து போடுங்கள். வெயிலில் ஒருவர் உளற ஆரம்பித்தால் அது வெப்பவாதம். ஆம்புலன்ஸ் வரும்வரை சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

குளிர்காலத்திலும் ஓர் ஆபத்து உண்டு. டிசம்பர், ஜனவரியில் சவூதி, குவைத் பாலைவனத்தில் இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும். கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திப் படுத்துவிடுகிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, புகை தெரியாது. தலைவலி, வாந்தி, தூக்கம், பிறகு எழுந்திருப்பதில்லை. ஆட்டு மந்தைக்கும் தோட்டத்துக்கும் அனுப்பும் ஒவ்வொருவரிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சாலையைக் கடப்பதும் அப்படியே. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் வண்டி வலப்பக்கம் போகும். நாம் பழக்கத்தில் முதலில் வலப்புறம் பார்த்துக் காலை எடுத்து வைப்போம். அங்கே வண்டி இடப்புறமிருந்து வரும். தாய்லாந்தில் வாடகை ஸ்கூட்டர் ஓட்டுகிறவரிடம் இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச உரிமம் இல்லை என்றால், விபத்துக்குக் காப்பீடு பணம் தராது.

காப்பீடு என்றதும் டிக்கெட்டோடு ஒட்டிக்கொடுக்கும் மலிவுத் திட்டம் நினைவுக்கு வருகிறது. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருமா? பெரும்பாலான திட்டங்களில் இல்லை, அல்லது உயிராபத்துக்கு மட்டும்தான். அறுபது வயதுக்கு மேல் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனி உச்சவரம்பு உண்டா? எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும்? கயிலாயக் குழுவுக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பிரஷர், சர்க்கரையை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டால் பிரீமியம் குறையும், பிறகு கோரிக்கை தள்ளுபடியாகும். அந்தப் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் உங்கள் ஊழியர்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். மருத்துவமனையில் சேரும் முன் காப்பீட்டு உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அந்த எண் போனில் மட்டும் இருந்தால் போதாது, காகிதத்திலும் வேண்டும்.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் (இ.சி.ஆர்.) பாஸ்போர்ட்டில் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். விசிட் விசாவில் அனுப்பி, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தக் குடும்பத்துக்கு இது எதுவும் கிடையாது. சாரத்திலிருந்து விழுந்தால் ஊருக்கு உடல் வருவதற்கே மாதம் ஆகலாம். இப்படி அனுப்புகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

டிக்கெட் கவரின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே ஆம்புலன்ஸ் எண்களை அச்சடியுங்கள்: அமீரகம் 998, சவூதி 997, கத்தார் 999, குவைத் 112, ஓமான் 9999, சிங்கப்பூர் 995, மலேசியா 999, இலங்கை 1990, தாய்லாந்து 1669. அதன் கீழே ரத்த வகை, ஒவ்வாத மருந்து, ஊரில் அழைக்க வேண்டியவர் பெயர் என்று மூன்று கோடு விட்டுவையுங்கள்.

திரும்பி வந்தபின் ஒரு போன் செய்யுங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்கு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது மலேரியாதான். இங்கே பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்கள் குறைந்த காய்ச்சல் என்றால் டெங்கு என்றே முதலில் தோன்றும். மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும். அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல்முறை இல்லை என்று வந்தாலும் பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. வளைகுடாவிலிருந்து வந்து பதினாலு நாளுக்குள் காய்ச்சலோடு மூச்சுத் திணறல் என்றால், முகக்கவசம் போட்டுக்கொண்டு அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு நேராகப் போகட்டும். எங்கே போனாலும் உட்கார்ந்தவுடன் முதலில் சொல்ல வேண்டியது, எந்த நாட்டிலிருந்து எந்தத் தேதியில் திரும்பினார் என்பது. டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் அலுவலக ஊழியர்களுக்கு இவற்றை ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து சொல்லித் தரத் தயாராக இருக்கிறோம். நாலு கேள்விகள் கொண்ட தாளையும் தமிழில் தயார் செய்து தருகிறோம். உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம், எங்கள் பெயர் அதில் வேண்டாம்.

அன்புடன்,
மதுரையில் பயணிகளுக்குத் தடுப்பூசியும் மருத்துவ ஆலோசனையும் அளிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள்